மூன்றாவது கோல் கீப்பர் விஷயமாகத் தாய்மாமனுக்கு

பிள்ளைப்பாக்கம்,
கார்த்திகை 8, திங்கட்கிழமை.

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் திரு. நரசிம்மன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் ஜீவானந்தம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், மஞ்சுளா, மகள் அறிவுமதி மூவரும் நலம். திருத்தணியில் தாங்களும் சந்திரலேகா அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவுக்குச் சர்க்கரை இறங்கியிருப்பதாக மஞ்சுளா சொன்னாள், சந்தோஷம். மழை இந்த வருஷம் பரவாயில்லை. நம் தெருவில் முழங்கால் வரைக்கும்தான் தண்ணீர் நின்றது.

போன் இருக்கும்போது எதற்கு ஆறு பக்கக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "சொல்லு ஜீவா" என்று ஆரம்பித்ததுமே இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் எனக்கு வாய் கட்டிப்போகிறது, "ஒண்ணுமில்ல மச்சான், சும்மாதான்" என்று வைத்துவிடுகிறேன். நீங்கள் ரிட்டையர் ஆகும் வரை கம்பெனியில் நீங்கள் சூப்பர்வைசர், நான் உங்கள் லைனில் ஆள். வீட்டுக்கு வந்தால் நீங்கள் பெண்டாட்டியின் அண்ணன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீங்கள்தான் மேலே. காகிதத்தில் மட்டும்தான் நான் சொல்லி முடிக்கும் வரை உங்களால் குறுக்கே பேச முடியாது. வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால் என் போன் பூட்டைத் திறக்கும் எண் என்னைவிட மதிக்கு நன்றாகத் தெரியும்.

விஷயம் மதியின் கல்யாணம். ஆயுத பூஜைக்கு நம் வீட்டுக்கு வந்தபோது, சாப்பிட்ட கை காய்வதற்குள் நீங்கள் சொன்ன வார்த்தைகள் ஒன்று விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. "இன்னா ஜீவா, பையன் ஃபுட்பால் ஆடுறான்னு சொன்ன. ஆடுறானா, ஆடுறவங்கள பாத்துக்கினு கீறானா? நம்ம குரூப்புல நாப்பத்திரண்டு பேரு டீம் போடுறோம். ஒருத்தனாச்சும் அவன எடுத்துக்கீறானா? வெளையாட்டுக்குக்கூட எவனும் எடுக்காத ஆளுக்கு நான் எப்டி மருமவளத் தூக்கிக் குடுக்கிறது? ஒரு மேட்ச், ஒரே ஒரு மேட்ச் அந்தப் பையன் முழுசா ஆடட்டும். அப்பால பேசு" என்றீர்கள். தாய்மாமன் தலையாட்டாமல் நம் வீடுகளில் பெண் கழுத்தில் மாலை விழாது. பையன் வீட்டாரோ கார்த்திகை முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று வாலாஜாபாத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். மதியோ அன்றிலிருந்து தட்டில் போட்ட சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போக ஆரம்பித்தாள். பெற்றவனுக்கு அதைவிட என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அக்காவும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அக்கா, எங்கள் கார் சீட் கம்பெனியில் வேலை பார்த்தவர்களும் பார்க்கிறவர்களுமாக நாங்கள் நாற்பத்திரண்டு பேர் போனில் ஆளுக்கொரு கற்பனை ஃபுட்பால் அணி வைத்திருக்கிறோம். லீகில் ஆடும் நிஜமான ஆட்களிலிருந்து பதினைந்து பேரை எடுத்துக்கொள்ள வேண்டும். பதினோரு பேர் களத்தில், நாலு பேர் பெஞ்சில். அவர்கள் நிஜ மேட்சில் எப்படி ஆடுகிறார்களோ அதற்கேற்ப நமக்குப் புள்ளி, கேப்டன் என்று குறித்தவருக்கு மட்டும் இரட்டிப்பு. இதில் ஒரு பைசா கிடையாது, வெட்டி கௌரவம்தான். உங்கள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தால் அது இதுதான், வேறு எதுவும் இல்லை.

இனி பையன் கதை. பிரசன்னா நம் பாலாறு யுனைடெட் அணியின் மூன்றாவது கோல் கீப்பர். மற்ற இடத்துக்கு மாற்று ஆள் என்றால் பாதி ஆட்டத்திலாவது இறங்கிவிடலாம். கோல் கீப்பருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் ஆள் ரகுபதிக்கு ஏதாவது ஆனால் லோகேஷ் இறங்குவான். அவனுக்கும் ஏதாவது ஆனால்தான் பிரசன்னா. அதுவரை அவன் வேலை பயிற்சியில் பந்து பொறுக்குவதும், அடிபட்டவர்களை ஆட்டோவில் ஏற்றி ஸ்கேனுக்கு அழைத்துப் போவதும். தண்டலத்து ஸ்கேன் சென்டரில்தான் மதி வேலை பார்க்கிறாள். ஒரு சீசனில் பதினோரு தடவை வந்திருக்கிறான் மச்சான், அவன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. யாரோ ஒருவருடைய முட்டி, யாரோ ஒருவருடைய கணுக்கால், அவர்களுடைய செருப்பு, அவர்களுடைய தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ரிசல்ட் வரும் வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பானாம். அதைப் பார்த்துத்தான் இவளுக்குப் பிடித்துப்போயிருக்கிறது.

நீங்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போன மறுநாளே நான் அவனை என் கற்பனை அணியில் எடுத்துப் பெஞ்சில் போட்டேன். இனி யாரும் எடுக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது அல்லவா. அதோடு தினமும் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்ணூருக்குப் போய், பயிற்சி மைதானத்து வேலியோரம் நின்று யார் நொண்டுகிறார்கள், யார் தோளைத் தேய்த்துக்கொள்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். மதியிடம் கேட்டால் ஸ்கேனில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். "பேஷன்ட் மேட்டர் வெளிய சொல்லக் கூடாதுப்பா, வேலை போயிடும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், பாதிச் சோறு வைக்கும் பெண்ணின் முகத்தில் ரகுபதியின் தோள்பட்டையை எங்கே தேடுவது.

ஐப்பசி முதல் வாரம் ரகுபதிக்கு வலது தோள் விலகியது. ஆறு வாரம் ஓய்வு. லோகேஷ் கோலுக்குப் போனான், பிரசன்னா பார்வையாளர் வரிசையிலிருந்து பெஞ்சுக்கு வந்தான். எனக்கு அது பிரமோஷன் மாதிரி இருந்தது. அதே சூட்டில் வல்லக்கோட்டைக்குப் போய் முருகனிடம் ஒரு அர்ச்சனையும் செய்தேன். என்னைத் தப்பாக நினைக்காதீர்கள், யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் வேண்டவில்லை. ஏற்கெனவே அடிபட்டவர் அவசரப்படாமல், நிதானமாக, தை மாதம் வரைக்கும் நல்லபடியாக ஓய்வெடுக்கட்டும் என்றுதான் வேண்டினேன். ஆனால் வெளியே வந்து செருப்பைப் போடும்போது மனசு குத்தியது. பெற்றவர்களை விட்டுவிட்டு வந்து வாடகை வீட்டில் கிடக்கும் பிள்ளை, அவன் தோள் சீக்கிரம் ஆறக் கூடாது என்று ஒரு பெரிய மனுஷன் சாமியிடம் போய் நிற்பதா. வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். அவள் உடனே ஆட்டுக்கால் வாங்கி வரச் சொன்னாள். அன்று முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள், தூக்குச் சட்டியில் மிளகு தூக்கலாகப் போட்ட சூப் மண்ணூருக்குப் போனது. கொண்டு போனது யார் என்று நினைக்கிறீர்கள், நான்தான்.

உங்கள் தங்கை கைப்பக்குவம் உங்களுக்குத் தெரியும். ஆறு வாரம் என்று டாக்டர் சொன்ன தோள் மூன்றே வாரத்தில் கல் மாதிரி ஆகிவிட்டது. ரகுபதி கோலுக்குத் திரும்பினான், லோகேஷ் பெஞ்சுக்கு வந்தான், பிரசன்னா மறுபடி தண்ணீர் கேன் தூக்கப் போனான். என் கையால் நானே மாப்பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டேன். போதும், சூப்பை நிறுத்து என்றேன். "அந்தப் புள்ள சாப்டுச்சேன்னு நான் செய்யறேன். உங்க டீமுக்காக நான் அடுப்பு பத்த வைக்கல" என்றாள் மஞ்சுளா. அதற்குப் பிறகும் ஒரு வாரம் நான் தூக்குச் சட்டியோடு போய் வந்தேன். ரகுபதி என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே கையை உயர்த்தி, தோளைச் சுழற்றிக் காட்டுவான். நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவேன். வயிறு எரிந்ததை எப்படி எழுதுவது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாப்பிடும்போது வாய் தவறி, "எப்பப் பாத்தாலும் அடுத்தவனுக்குப் பதிலா நிக்கிறதுக்குன்னே ஒரு வேலையா, இத ஒரு வேலைன்னு வெளிய எப்டிம்மா சொல்றது" என்று கேட்டுவிட்டேன். மதி கையைக் கழுவிக்கொண்டே, கோபம்கூட இல்லாமல் கேட்டாள்: "நீ இருபத்திரண்டு வருஷமா இன்னா பண்ணப்பா?"

மச்சான், நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். சீட் லைனில் பத்தொன்பது இடம், பத்தொன்பது ஆட்கள், எனக்கென்று ஓர் இடம் கிடையாது. நான் ரிலீவர். ஒருவன் டீ குடிக்கப் போனால் அவன் இடத்தில் கவர் மாட்டுவேன், ஒருத்தி பாத்ரூம் போனால் அவள் இடத்தில் ஸ்க்ரூ முடுக்குவேன், யாருக்காவது ஊரில் சாவு விழுந்தால் அந்த வாரம் முழுக்க அவன் இடத்தில் பெல்ட் சரிபார்ப்பேன். திரும்பி வந்ததும் "சரி நவுரு" என்பார்கள், நகர்ந்துவிடுவேன். பத்தொன்பது வேலையும் எனக்குத் தெரியும், ஆனால் சிறந்த தொழிலாளி போட்டோவில் நான் ஒரு தடவைகூட இல்லை. ஏனென்றால் எந்த இடத்தின் கணக்கிலும் என் பெயர் வராது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. லைன் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடினால் அது என்னாலும்தான் என்று எனக்குத் தெரியும், அது எனக்குப் போதுமாக இருந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தப் பையனைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு என் தட்டில்தான் பாதிச் சோறு மிச்சம்.

இதற்கிடையில் லோகேஷுக்கு அம்மை போட்டுவிட்டது. அணி தங்கியிருக்கும் மண்ணூர் வீட்டுக்காரம்மா செல்லம்மாள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை என் வீட்டில் எவனும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, கவிச்சி மூச்சே விடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த கோச்சும் ஒரு வாரமாகத் தயிர்சாதம். சூப்பும் அத்தோடு நின்றது. பெஞ்சில் இடம் காலியாகிப் பிரசன்னா அங்கே வந்தான். ஆனால் ரகுபதிதான் இரும்பாக நிற்கிறானே, என்ன பிரயோஜனம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மேட்ச், ஆறரைக்கு ஆரம்பம். நம் கற்பனை அணியில் மாற்றம் செய்ய ஆறு மணிதான் கடைசி. ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால் நான் நாலு மணிக்கே, நல்ல நேரத்தில், என் அணியைப் போட்டுவிட்டேன். கோலில் ரகுபதி, பெஞ்சில் பிரசன்னா. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. வெட்கப்பட்டதெல்லாம் உண்மைதான், ஆனாலும் புள்ளி என்று வந்தால் ஆடுகிற ஆளைத்தானே போடத் தோன்றுகிறது. பிறகு மஞ்சுளாவும் நானும் மைதானத்துக்குப் போனோம். ஐந்து ஐம்பதுக்கு எங்கள் கண் முன்னாலேயே, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், ரகுபதி ஒரு பந்துக்கு இடது பக்கம் பாய்ந்தவன் எழவில்லை. வலது தோள்தான் சூப்பில் சரியானது. இடது தோளுக்கு யாரும் எதுவும் செய்யவில்லையே. நாலு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள். பிரசன்னா கையுறை மாட்டினான்.

நான் போனை எடுத்தேன். மஞ்சுளா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இன்னும் பத்து நிமிஷம் ராகு காலம் கீது. கல்யாணக் காரியம், அதுல போய்க் கை வைக்காதீங்க." வாஸ்தவம்தானே. பிடித்த கையை விடாமல் இருவரும் போனில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து ஐம்பத்தெட்டு. ஐந்து ஐம்பத்தொன்பது. ஆறு அடித்தது, ராகு காலம் முடிந்தது, அதே நொடியில் அந்த ஆப்பும் பூட்டிக்கொண்டது. இப்படியாக மச்சான், பிரசன்னா வாழ்க்கையில் முதல் முறையாக நிஜமான கோலில் நின்ற நாளில், சொந்த மாமனார் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன், ஒரு வார்த்தைகூட மிகை கிடையாது. எண்பது நிமிஷம் எதிரணி நம் கோல் பக்கம் வரவே இல்லை. நம் ஆட்கள் இரண்டு கோல் போட்டுவிட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பையன் தனியாக நின்று கையைத் தட்டினான், குதித்தான், கம்பத்தைத் தொட்டுப் பார்த்தான். இதைப் போய் மச்சானிடம் ஆட்டம் என்று எப்படிச் சொல்வது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். எண்பத்தேழாவது நிமிஷம் எங்கிருந்தோ ஒருவன் அடித்தான். பையன் சரியான பக்கம்தான் பாய்ந்தான். பந்து கம்பத்தில் பட்டு, திரும்பி அவன் முதுகில் பட்டு, கோல் கோட்டை நோக்கி மெதுவாக உருண்டது. எதிரணிக்காரன் ஒருவன் ஓடி வருகிறான். இவனுக்கு எழுந்து பிடிக்க நேரமில்லை. அப்படியே பின்னால் நகர்ந்து பந்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில். வந்தவன் இவனைத் தாண்டி வலைக்குள் விழுந்தான். மைதானமே சிரித்தது, பிறகு மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. பெஞ்சில் உட்கார்ந்த பழக்கம் வீணாகவில்லை என்று பின்னால் ஒருவன் சொன்னான். திரும்பிப் பார்த்தேன், அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மஞ்சுளா என் சட்டையைப் பிடித்துக் கிழித்தேவிட்டாள். பரவாயில்லை, பழைய சட்டை.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் அணியில் ஒன்பது புள்ளி கூடியிருக்கிறது. போட்ட ஆள் ஆடாவிட்டால் பெஞ்சில் இருப்பவரை அந்த ஆப்பே இறக்கிவிடுமாம், மதி சொன்னாள். எங்கள் லைனில் என்னை இறக்கிவிட்ட மாதிரி, யாரும் கேட்காமலேயே. மதி நேற்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

ஆகவே மச்சான், நீங்கள் கேட்ட ஒரு முழு மேட்ச் ஆகிவிட்டது, ஒரு கோலும் விடவில்லை. ரகுபதி இடது தோளோடு திரும்பி வர ஒரு மாதமாகும், லோகேஷுக்கு இன்னும் மூன்றாம் தண்ணீர் ஊற்றவில்லை. ஆக அடுத்த இரண்டு மேட்சும் பிரசன்னாதான். அதற்கப்புறம் அவர் பெஞ்சுக்குத் திரும்பினாலும் எனக்குக் கவலையில்லை. யார் இடம் காலியானாலும் போய் நிற்கத் தெரிந்தவர், வந்தவர் கேட்டதும் முகம் சுளிக்காமல் நகரத் தெரிந்தவர், அவரைவிட நல்ல இடம் மதிக்கு நான் எங்கே தேடுவேன். தாங்கள் பழைய வார்த்தையைப் பெரிய மனசோடு திரும்ப எடுத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு காலையில் தாம்பூலம் மாற்ற அவசியம் வந்து நிற்க வேண்டும். ராகு காலம் சாயங்காலம்தான், பயமில்லை.

அக்காவுக்கு எங்கள் மூவரின் வணக்கம். முருகன் உங்கள் இருவருக்கும் நோய் நொடி இல்லாத காலையும், தூக்கம் வருகிற ராத்திரியையும், கற்பனை அணியில் அடிபடாத பதினைந்து பேரையும் தரட்டும்.

என்றும் உங்கள் லைன் ஆள்,
ஜீவானந்தம்.

பி.கு.: கவரை ஒட்ட மஞ்சுளாவிடம் சோற்றுப் பருக்கை கேட்டதில் மாட்டிக்கொண்டேன். அவளும் மதியும் ஆறு பக்கத்தையும் வாங்கிப் படித்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார்கள். "மாமா டீம ஒரு தபாவாச்சும் தொறந்து பாத்தியாப்பா?" என்று மதி கேட்டாள். அடுத்தவர் அணியை எங்கே தொட்டால் பார்க்கலாம் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். தொட்டுக் காட்டினாள். கோலில் பிரசன்னா. கேப்டனும் பிரசன்னா. ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறிலிருந்து நேற்று வரை, ஏழு வாரமும். பெஞ்சில் வேறு கோல் கீப்பர் யாரும் இல்லாததால், அதில் ஆறு வாரம் உங்களுக்கு அந்த இடத்தில் முட்டை. முதலிடத்தில் இருந்த நீங்கள் பத்தொன்பதாவது இடத்துக்கு வந்ததற்கு வயசுதான் காரணம் என்று குரூப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், மன்னித்துவிடுங்கள். "எங்கண்ணன் வாயாலதான் வேணாம்னு சொல்லும்" என்கிறாள் மஞ்சுளா, இவ்வளவு நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஆக மேலே எழுதியதில் ஒரு வரியும் உங்களுக்குத் தேவையில்லை. கிழித்துப்போட மனசு வரவில்லை, கை வலிக்க எழுதியது.

மதி அதோடு நிற்கவில்லை. என் அணியில் பிரசன்னாவைப் பெஞ்சில் போட்டிருப்பதையும் படம் பிடித்து மாப்பிள்ளைக்கே அனுப்பிவிட்டாள். போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் வந்தது: "மாமா கரெக்டாதான் போட்டுக்கீறாரு. ரகுபதி அண்ணன்தான் நல்ல ஃபார்ம்ல இருந்தாரு. நானா இருந்தாலும் அவரத்தான் எடுத்திருப்பேன்." படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான்.

முறைப்படி ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத் தட்டை மாற்ற வேண்டியவன் பெண்ணைப் பெற்ற நான். ஆனால் அவரை முதலில் களத்தில் இறக்கியவர் நீங்கள், அதனால் தட்டை நீங்களே மாற்றுங்கள். கை வலித்தால் சொல்லுங்கள், பக்கத்திலேயே நிற்கிறேன்.